பழசு மாதிரி ஒரு புது ஜீப்

புதுத் துணியைப் பழசு மாதிரி காட்டிக் கூடுதல் விலைக்கு விற்கலாம் என்பதைத் திருப்பூர்ப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்து மூன்று வருடம் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்தவன் நான். அதில் கடைசிப் பதினைந்து வருடம் தரம் பார்க்கிற வேலை. தைத்து முடித்த டி-சர்ட்டை வாஷிங் யூனிட்டுக்கு அனுப்பி, என்சைம் போட்டு, சில ஆர்டருக்குக் கல்லையும் சேர்த்துச் சுழற்றி எடுப்பார்கள். ஓரமெல்லாம் சாயம் வெளுத்து, தையல் சுருங்கி, பத்து வருடம் உடுத்தியது போல வந்தால்தான் பையர் 'ஓகே' என்பார். அதற்கு விண்டேஜ் வாஷ் என்று பெயர். எங்கள் அம்மா ஒருமுறை சாம்பிள் பீஸைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதையா கப்பல்ல ஏத்தறீங்க? கரித்துணியாட்டம் இருக்குது" என்று கேட்டார்.

அந்த வேலையில் நான் படித்துக்கொண்டது ஒன்று உண்டு. துணியைத் தேய்க்கத் தேய்க்க அதன் பலம் குறையும். அதனால் வாஷ் முடிந்து வந்ததும் ஒரு பீஸை மெஷினில் வைத்து, அடியிலிருந்து அழுத்தம் கொடுத்து, எந்த அளவில் வெடிக்கிறது என்று பார்ப்போம். பர்ஸ்டிங் டெஸ்ட் என்பார்கள். அதில் தப்ப வேண்டுமானால், பழசு மாதிரி காட்டப் போகிற துணிக்குத்தான் நல்ல நூலும் கூடுதல் ஜி.எஸ்.எம்.மும் போட வேண்டும். பழசாகத் தெரிகிற துணிக்குக் காசு வரும். நிஜமாகவே பழசாகிப்போன துணி ரிஜெக்ட் ஆகித் திரும்பி வரும்.

இப்போது எந்த ரோட்டில் பார்த்தாலும் மஹிந்திரா தார் கண்ணில் படுகிறது. திருப்பூரில் சிக்னலுக்கு ஒன்று நிற்கிறது. எங்கள் ஊத்துக்குளி ஆர்.எஸ். பக்கம்கூட வந்துவிட்டது. உருண்டை விளக்கு, சதுர உடம்பு, தனியாகத் துருத்தி நிற்கும் மட்கார்டு, பின்னால் தொங்கும் ஸ்டெப்னி. வெளியே எண்பது வருடத்துக்கு முந்தைய ஜீப்பின் உருவம், உள்ளே இன்றைய வண்டி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாஷிங் யூனிட்தான் ஞாபகம் வருகிறது.

இது நல்ல வேலையா, வெறும் வேஷமா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உருவத்தோடு பழைய ஜீப்பின் வேலையும் சேர்ந்து வந்தால் அது நல்ல வேலை. உருவம் மட்டும் வந்தால் வேஷம். தார் என்ற ஒரே பெயரில் இரண்டும் விற்பனைக்கு இருக்கின்றன. வாங்குகிறவர் தான் எதை வாங்குகிறார் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

முதலில் அந்த உருவம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அதை யாரும் அழகுக்காக வரையவில்லை. 1940-இல் அமெரிக்க ராணுவம், எடை குறைந்த, நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு சின்ன வண்டி கேட்டது. கொடுத்த கெடு 49 நாள். பான்டம் என்ற சிறிய கம்பெனிதான் முதல் மாதிரி வண்டியைச் செய்து காட்டியது. ஆனால் பெரிய ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. போர் முடிவதற்குள் இரண்டு கம்பெனியும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. தட்டையான தகடு என்றால் சீக்கிரம் அடித்து எடுக்கலாம், அதனால் உடம்பு தட்டை. உயரம் குறைய வேண்டும் என்பதால் முன்கண்ணாடி மடக்குகிற மாதிரி. எடை குறைய வேண்டும் என்பதால் கூரை துணி.

அந்த முகப்பு இருக்கிறதே, நெடுக்குவாட்டில் பிளவு பிளவாக, அதற்கும் ஒரு கதை உண்டு. வில்லிஸ் முதலில் இரும்புப் பட்டைகளை வரிசையாக வெல்டு வைத்துத்தான் முகப்பைச் செய்தது. ஃபோர்டு ஒரே தகட்டில் பிளவுகளை அச்சடித்து எடுத்தது. எடையும் குறைவு, செலவும் குறைவு. அதையே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். போர்க்கால ஜீப்பில் ஒன்பது பிளவு. போருக்குப் பின் பொதுமக்களுக்கு விற்ற ஜீப்பில் விளக்கு பெரிதானதால் ஏழாகக் குறைந்தது. இன்று சின்னக் குழந்தைகூட அடையாளம் சொல்கிற முகம், காசை மிச்சம் பிடிக்கப் பிறந்த முகம்.

நம் நாட்டுக்கு அது வந்த வழியும் சுவையானது. 1945-இல் லூதியானாவில் மஹிந்திரா அண்ட் முகமது என்ற பெயரில் ஒரு இரும்பு வியாபாரக் கம்பெனி தொடங்கியது. பங்காளி குலாம் முகமது பிரிவினையின்போது பாகிஸ்தான் போய், அந்த நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார், பிற்பாடு கவர்னர் ஜெனரலும் ஆனார். கம்பெனி 1948-இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. வில்லிஸ் ஜீப்பைப் பாகம் பாகமாக வரவழைத்து பம்பாயில் பூட்ட ஆரம்பித்தார்கள். பிறகு இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ஜீப் என்றால் இரண்டு ஞாபகம். ஒன்று, பி.டி.ஓ. ஆபீஸ் ஜீப். அது ஊருக்குள் வந்தால் பெரியவர்கள் துண்டைத் தோளிலிருந்து இறக்குவார்கள். அரசாங்கமே நாலு சக்கரத்தில் வந்து நிற்பது போல இருக்கும். இரண்டாவது, தேர்தல் ஜீப். மேலே குழாய் ஸ்பீக்கர், பின்னால் நோட்டீஸ் வீசுகிற கை, அதற்குப் பின்னால் புழுதியில் ஓடுகிற நாங்கள். மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து இட்டேரிகளில் மாட்டு வண்டிகூடச் சேற்றில் சிக்கும். ஜீப் மட்டும் உறுமிக்கொண்டு வெளியே வந்துவிடும். அதைப் பார்த்து வாய் பிளந்த வயது அது.

ஆனால் அந்த ஜீப்பைப் பற்றிப் பேசும்போது இனிக்கிற பாதியை மட்டும் பேசுகிறோம். என் பெரியப்பா மகன் ஒரு அரசுத் துறையில் ஜீப் டிரைவராக இருந்தார். எண்பதுகளில் ஒரு நாள், மலையிலிருந்து இறங்கும்போது ஓரத்து மண் சரிந்து வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. பெரிய பள்ளம்கூட இல்லை. ஒரே ஒரு புரளல். அண்ணனுக்குக் கை எலும்பு முறிந்தது. பின்னால் பக்கப் பலகையில் உட்கார்ந்திருந்த அலுவலக உதவியாளர் வெளியே வீசப்பட்டு, வண்டி அவர் மேலேயே விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே உயிர் போய்விட்டது. மூன்று பெண் பிள்ளைகள். அண்ணன் ஓய்வு பெறும்வரை ஜீப் ஓட்டினார். ஆனால் பின்னால் ஆள் ஏறினால் "உள்ள தள்ளி உக்காருங்க, கம்பியக் கெட்டியாப் புடிங்க" என்று சொல்லாமல் சாவியைத் திருகியதே இல்லை.

துணிக்கூரைக்குக் கீழே ஒரு இரும்புக் கூண்டும், இடுப்பில் ஒரு பெல்ட்டும் இருந்திருந்தால் அந்த மனிதர் பென்ஷன் வாங்கியிருப்பார். பழைய ஜீப்பை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யாராவது ஏக்கத்தோடு பேசினால் எனக்கு இதுதான் தோன்றும்.

இனி தாருக்கு வருவோம். 2010 அக்டோபரில் வந்த முதல் தார், பழைய ஜீப்புக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம். மேல் வகையில் 105 குதிரைசக்தி கொண்ட 2.5 லிட்டர் காமன் ரெயில் டீசல் எஞ்சின். முன்சக்கரங்களுக்கு டார்ஷன் பார் வைத்த தனித்தனி சஸ்பென்ஷன். பின்னால் அதே பழைய லீஃப் ஸ்பிரிங். நான்கு சக்கர இழுவைக்கும், ஏற்றத்தில் மெதுவாக ஆனால் பலமாக ஏற உதவும் லோ கியருக்கும் தனி லிவர். வேலைக்கு நேர்மையான வண்டி. ஆனால் பின்னால் அதே பக்கப் பலகை. ஏர்பேக்கும் இல்லை, ஏ.பி.எஸ்.ஸும் இல்லை. பழைய ஜீப்பின் பலத்தோடு பழைய ஜீப்பின் ஆபத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

நான் பாராட்டுவது 2020-இல் வந்த இரண்டாவது தாரை. அந்த வருடம் சுதந்திர தினத்தன்று காட்டி, காந்தி ஜெயந்தியன்று 9.80 லட்சத்தில் ஆரம்பித்து விலை சொன்னார்கள். வண்டி பூட்டப்படுவது நாசிக்கில். ஆனால் மஹிந்திராவின் புது வண்டிகளுக்கான பொறியியல் வேலை பெரும்பாலும் நம் செங்கல்பட்டுப் பக்கம், மஹிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள் 2012-இல் திறந்த ரிசர்ச் வேலியில் நடக்கிறது. செய்யாறு பக்கம் 454 ஏக்கரில் அவர்கள் போட்ட சோதனை ஓடுதளம் 2021-இல் வந்தது. இந்த ஜீப்பின் புது வாழ்க்கையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு.

அவர்கள் செய்ததை எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், மேலே வாஷ், உள்ளே நல்ல நூல். உருவத்தைத் தொடவில்லை. அடியில் சட்டம் புதிது. லீஃப் ஸ்பிரிங் போய் நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங். எஞ்சின் 2 லிட்டர் பெட்ரோலில் 150 குதிரைசக்தி, 2.2 லிட்டர் டீசலில் 130. லோ கியர் லிவர் அப்படியே இருந்தது. தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 226 மில்லிமீட்டர், 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம். தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, அடியில் இருக்கும் அடைப்பைத் திறந்து வடித்துவிடலாம். சேற்றுக் காலோடு ஏறுகிறவனை மனதில் வைத்துச் செய்த வேலை அது.

எனக்கு முக்கியமானது கூண்டு. பயணிகளைச் சுற்றி இரும்புக் கூண்டு வைத்தார்கள். முன்னால் இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ்., பின்னால் முன்பக்கம் பார்த்த இருக்கை, அதற்கு பெல்ட். 2020 நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு நான்கு நட்சத்திரம், குழந்தைகள் பாதுகாப்புக்கும் நான்கு நட்சத்திரம். ஆரம்பத்தில் பக்கப் பலகை வைத்த மலிவு வகையும் பட்டியலில் இருந்தது. சீக்கிரமே அதை எடுத்துவிட்டார்கள். சிலர் "ஜீப்புக்கு அழகே அந்தப் பலகைதான்" என்று வருத்தப்பட்டார்கள். நான் வருத்தப்படவில்லை.

உருவத்துக்கு என்ன மதிப்பு என்பதற்கு அமெரிக்காவில் நடந்த வழக்கு ஒன்றே போதும். பொது ரோட்டுக்கு அல்லாமல் தோட்டம் துரவுக்கு என்று 2018-இல் மஹிந்திரா அங்கே ராக்ஸர் என்ற வண்டியை விற்க ஆரம்பித்தது. அதே வருடம், ஜீப் பெயருக்குச் சொந்தக்காரரான ஃபியட் கிரைஸ்லர், "இது எங்கள் முகம்" என்று அங்குள்ள சர்வதேச வர்த்தக ஆணையத்தில் புகார் கொடுத்தது. 2020-இல் ஆணையம் ஜீப்பின் பக்கம் தீர்ப்பு சொல்லி, அந்த வடிவத்தில் விற்கத் தடை போட்டது. மஹிந்திரா முகப்பை மாற்றி வரைய வேண்டி வந்தது. காதர்பேட்டையில் பிராண்டு லேபிள் விவகாரம் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு காலத்தில் வில்லிஸோடு முறையாக ஒப்பந்தம் போட்டு வாங்கிய உருவம்தான் அது. அப்படியிருந்தும், செலவைக் குறைக்க அடித்த அந்தத் தகட்டின் பிளவுகளுக்காக எழுபது எண்பது வருடம் கழித்து வக்கீல்கள் மோதிக்கொண்டார்கள்.

இப்படிப் பழைய உருவத்தைத் திரும்பக் கொண்டுவருவது வெளிநாட்டிலும் உண்டு. டொயோட்டா தன் பழைய எஃப்.ஜே. 40 வண்டியை நினைவுபடுத்த 2006-இல் எஃப்.ஜே. குரூஸர் என்று ஒன்றை விட்டது. வளைகுடாவில் இருந்துவிட்டு வந்த நம் ஆட்கள் அதைப் பார்த்திருப்பார்கள். மணலில் கெட்டிக்கார வண்டி. ஆனால் அந்த உருவத்துக்காகப் பின்தூண்களைத் தடியாக வைத்ததால், பின்னால் வருவது தெரியவில்லை என்று ஓட்டியவர்கள் குறைப்பட்டார்கள். உருவத்துக்கு வேலை வழிவிட்டால் இப்படித்தான் ஆகும்.

நம் ஊரிலும் வேலை வழிவிட்ட இடம் இருக்கிறது. 2023 ஜனவரியில் பின்சக்கரம் மட்டும் இழுக்கிற தார் வந்தது. ஆரம்ப விலை 9.99 லட்சம். இந்த விலைக்குப் பின்னால் வரிக் கணக்கு இருக்கிறது. அன்றைய விதிப்படி, நாலு மீட்டருக்குள் நீளமும், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள் எஞ்சினும் இருந்தால் வரி குறைவு. மூன்று கதவுத் தாரின் நீளம் 3,985 மில்லிமீட்டர். நீளம் சரி, 2.2 லிட்டர் எஞ்சின்தான் இடித்தது. அதனால் 1.5 லிட்டர் டீசலைப் போட்டு, நான்கு சக்கர இழுவையைக் கழற்றி, விலையை இறக்கினார்கள். லோ கியர் லிவர் இருந்த இடத்தில் இப்போது சில்லறைச் சாமான் வைக்க ஒரு குழி இருக்கிறது.

எனக்கு அந்தக் குழியைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, சங்கடமும் வருகிறது. வெளியே நின்று பார்த்தால் அதே தார். மழையில் இட்டேரியில் இறங்கினால், சாதாரணக் காரை விட உயரம் கூடுதல் என்பதைத் தவிர அதற்குப் பெரிய தெம்பு இல்லை. இதுதான் நான் சொல்லும் வெறும் வாஷ். விற்பதில் தப்பில்லை. 'பின்சக்கர இழுவை' என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்கிறார்கள். வாங்குகிறவர் தன்னிடம் ஜீப் இருப்பதாக நினைத்துக்கொள்வதுதான் ஆபத்து. அந்த நினைப்பில்தான் ஆற்று மணலில் இறக்கிவிட்டு டிராக்டருக்கு ஆள் அனுப்புகிறார்கள்.

2024 சுதந்திர தினத்தில் ஐந்து கதவு ராக்ஸ் வந்தது. ஆரம்ப விலை 12.99 லட்சம். சக்கரத்துக்குச் சக்கரம் நீளம் 2,450 மில்லிமீட்டரிலிருந்து 2,850 ஆனது. மேல்வகையில் கூரை முழுக்கக் கண்ணாடி. பாரத் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம். அக்டோபர் 3-ஆம் தேதி புக்கிங் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் 1,76,218 பேர் பதிவு செய்தார்கள் என்று கம்பெனி அறிவித்தது. அதில் நான்கு சக்கர இழுவை வேண்டுமென்றால், டீசலில், விலை கூடிய வகைகளில்தான் கொடுத்தார்கள். குடும்பத்தோடு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போக அது நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு பேரும் மலையேறப் போகிறவர்கள் இல்லை.

மாருதி 2023-இல் ஐந்து கதவு ஜிம்னியைக் கொண்டுவந்தது. அதில் எந்த வகையை எடுத்தாலும் நான்கு சக்கர இழுவையும் லோ கியரும் உண்டு. உருவத்திலும் பழைய சாயல் உண்டு. ஆனாலும் விற்பனையில் தாருக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. சனங்கள் இழுவையைப் பார்த்து வாங்கவில்லை, ஆகிருதியைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

என் தங்கை மகன் போன மாதம் இதையே கேட்டான். ஜாப் ஒர்க் எடுத்துப் பதினெட்டு மெஷின் ஓட்டுகிறவன். "மாமா, ராக்ஸ் எடுக்கலாம்னு இருக்கறனுங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்றான்.

"எதுக்குக் கண்ணு? பீஸ் ஏத்தறதுக்கா, பார்ட்டியப் பாக்கறதுக்கா?"

"பார்ட்டி பாக்கறப்ப ஒரு இது வேணுமில்லீங்களா மாமா."

அந்த 'ஒரு இது' பொய்யில்லை. தொழிலில் தோற்றத்துக்கும் காசு உண்டு என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் வேண்டாம் என்று சொல்லவில்லை, கணக்குப் போட்டுக் காட்டினேன். 15 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, ஏழு வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 24,500 ரூபாய். மொத்தம் இருபது லட்சத்துக்கு மேல் கட்டி முடிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது எங்கள் பக்கம் எத்தனை யூனிட்டில் மெஷின் கவர் போட்டு நின்றது என்பதை அவன் கண்ணாலேயே பார்த்தவன். ஆர்டர் நின்றாலும் தவணை நிற்காது. அந்த மாதங்களிலும் 24,500 கட்ட முடியும் என்றால் எடு, இல்லை என்றால் பொறு என்றேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பழைய ஜீப்பை ரோட்டோரப் பட்டறையில் ஒரு சாதாரண மெக்கானிக் பிரித்துப் பூட்டிவிடுவார். எங்கள் அண்ணனே பாதி வேலையைத் தானே செய்துகொள்வார். புதுத் தாரில் பெல்ட்டிலிருந்து பிரேக் வரை எங்கும் சென்சார். பட்டறைக்காரர் ஸ்கேனர் இல்லாமல் தொட முடியாது. பாதுகாப்புக்குக் கொடுக்கிற விலை என்று இதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நகரத்தில் சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருப்பவருக்கு அது பெரிதில்லை. மலையில் இருப்பவருக்குப் பெரிது.

அந்த மலைக்காரர்களைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலிருந்து வடக்கே போனால் சத்தியமங்கலத்துக்கு மேலே கடம்பூர் மலை, அந்தியூருக்கு மேலே பர்கூர் மலை. மாக்கம்பாளையம் போகிற வழியில் பள்ளத்துத் தண்ணீரைத் தாண்ட வேண்டும். மழை பிடித்தால் பஸ் நின்றுவிடும். ஜீப் என்பது நிஜமாகவே தேவைப்படுகிற சனங்கள் அவர்கள். ரேஷன் அரிசியும், பிரசவ வலிக்காரப் பெண்ணும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வண்டியில்தான் இறங்க வேண்டும். அவர்களுக்குப் பன்னிரண்டு லட்சத்துக்கும் பதினெட்டு லட்சத்துக்கும் வண்டி எடுக்க முடியாது. 2000-இல் வந்த பொலேரோதான் கிராமத்துக்கு ஜீப்பின் வாரிசாக இன்றுவரை உழைக்கிறது. அதற்கும் வசதியில்லாதவர்கள் நாலு கை மாறிய பழைய ஜீப்பைத்தான் ஓட்டுகிறார்கள். உள்ளே இடமில்லாமல் பின்படியில் தொங்கிக்கொண்டும் போகிறார்கள்.

ஜீப்பின் உருவத்தை இவ்வளவு பக்குவமாகக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு, அதன் வேலையைக் காப்பாற்றவும் தெரியும். கூரைக் கண்ணாடி வேண்டாம், பெரிய திரை வேண்டாம், அலாய் வீல் வேண்டாம். நான்கு சக்கர இழுவை, லோ கியர், இரும்புக் கூண்டு, ஏர்பேக், எட்டுப் பேருக்கும் பெல்ட். இவ்வளவு மட்டும் வைத்து ஒரு சாதா வண்டி செய்யட்டும். அரசாங்கம் நாலு மீட்டர் கணக்குக்கு வரிச்சலுகை கொடுத்த மாதிரி, மலைக்கிராமத்தில் பதிவு செய்கிற வண்டிக்குக் கொடுக்கட்டும். முகப்பில் எத்தனை பிளவு என்று அங்கே யாரும் எண்ணப் போவதில்லை. வண்டி புரண்டால் உள்ளே இருப்பவர் உள்ளேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். செங்கல்பட்டில் இருக்கிற கெட்டிக்காரப் பிள்ளைகளால் முடியாத வேலை இல்லை இது.